போற்றிக்கு வாரிசு உண்டு, சாத்தனுக்கு?

2024 பிப்ரவரியில் கேரள உயர்நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. கோட்டயம் பகுதியைச் சேர்ந்த ஒரு பழைய இல்லத்தார் தொடுத்தது. வெளிவரவிருந்த ‘பிரமயுகம்’ என்ற படத்தில் மம்மூட்டி ஏற்ற பாத்திரத்தின் பெயர் குஞ்சமண் போற்றி. அந்தப் பெயர் தங்கள் குடும்பத்தைக் குறிக்கிறது, துர்மந்திரவாதியாகக் காட்டுவது குடும்பத்தின் நற்பெயரைக் கெடுக்கும், தணிக்கைச் சான்றிதழை ரத்து செய்ய வேண்டும் என்பது அவர்கள் வாதம். படக்காரர்கள் பெயரை மாற்ற ஒப்புக்கொண்டார்கள். குஞ்சமண் போற்றி கொடுமண் போற்றி ஆனார். பிப்ரவரி 15 அன்று ராகுல் சதாசிவனின் அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் வெளியானது. விவகாரம் முடிந்தது.

எனக்கு அது முடியவில்லை. ஒரு ஐதீகத்துக்குள் இருக்கிற மனிதனுக்காக நீதிமன்றம் போக ஆள் இருக்கிறது என்றால், அதே ஐதீகத்துக்குள் இருக்கிற மற்றவர்களுக்கு யார் போவது? இந்தக் கேள்வியோடுதான் படத்தையும் அதன் பின்னால் இருக்கிற பிரதிகளையும் நான் வாசிக்கிறேன்.

முதலில் பழைய பிரதி. கொட்டாரத்தில் சங்குண்ணி (1855 – 1937) தொகுத்த ‘ஐதீகமாலை’ 1909 தொடங்கி எட்டுப் பாகங்களாக வெளிவந்தது. மந்திரவாதிகள், யட்சிகள், வைத்தியர்கள், யானைகள், நம்பூதிரிகள் என்று மத்தியத் திருவிதாங்கூரின் வாய்மொழி உலகம் மொத்தமும் அதில் வருகிறது. குஞ்சமண் போற்றி சாத்தன்களை ஏவல்கொண்ட மந்திரவாதி. கடமற்றத்துக் கத்தனார் என்ற சிரியக் கிறிஸ்துவப் பாதிரியும் அதே கதையுலகில் பெரிய மந்திரவாதி. கத்தனார் ஒருநாள் போற்றியின் வீட்டுக்குப் படகில் போகிறார். திரும்பக் கிளம்பும்போது பார்த்தால் படகைக் காணோம். சாத்தன்கள் அதைத் தூக்கி மரத்தின் உச்சியில் வைத்துவிட்டன. கத்தனார் பதறவில்லை. உன் வீட்டு அந்தர்ஜனங்களே வெளியில் வந்து மரமேறிப் படகை இறக்குவார்கள், பார்க்கலாமா என்கிறார். போற்றி இறங்கி வருகிறார், படகும் இறங்கி வருகிறது. இருவரும் சிநேகிதர்களாகிவிடுகிறார்கள்.

இதில் வில்லன் யார்? யாரும் இல்லை. இரண்டு வித்தைக்காரர்கள் ஒருவரையொருவர் சீண்டிப் பார்க்கிறார்கள். மந்திரம் இங்கே ஒரு தொழில்திறன், ஒரு குடும்பச் சொத்து. ஆனால் கதை சொல்லும்போது மெல்ல நழுவவிடுகிற ஒன்றைக் கவனியுங்கள். படகைத் தூக்கியது யார்? சாத்தன்கள். இறக்கியது யார்? அவைகளேதான். பந்தயத்தில் பணயம் வைக்கப்பட்டது யார்? உள்ளே அடைபட்டுக் கிடக்கும் பெண்கள். இரண்டு ஆண்கள் சிநேகிதர்களாவதற்கு வேலை செய்தவர்களும் பணயமானவர்களும் கதையின் விளிம்பில் நிற்கிறார்கள். ஐதீகத்தின் சிரிப்பு இந்த உழைப்பின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

இனி படம். பதினேழாம் நூற்றாண்டு மலபார். பறங்கியரின் அடிமை வியாபாரத்திலிருந்து தப்பி ஓடிவரும் தேவன் என்ற பாணன், காட்டுக்குள் சிதிலமான ஒரு மனைக்கு வந்து சேர்கிறான். பசி. வீட்டுக்காரர் போற்றி அவனைப் பாடச் சொல்கிறார், சோறு போடுகிறார், பகடை ஆடக் கூப்பிடுகிறார். பணயம் வைக்க அவனிடம் என்ன இருக்கிறது? காலம் இருக்கிறது, அதை வை என்கிறார். தோற்கிறான். அன்றிலிருந்து அவன் நாட்கள் அவனுடையவை இல்லை.

தமிழ் படித்தவனுக்கு இந்தக் காட்சி தூக்கிவாரிப் போடும். பாணன் பசியோடு வருவதும், பெரிய வீட்டு வாசலில் பாடுவதும், வயிறாரச் சோறு பெறுவதும் நமக்குப் பாடமாக வைக்கப்பட்ட சமாச்சாரம்தானே. என் மாவட்டத்துக்கே அப்படி ஒரு பாட்டு உண்டு. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பாணனை ஆற்றுப்படுத்துகிறது கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை. 500 அடி. வழியெல்லாம் சோறு, முடிவில் பரிசில். வள்ளன்மை என்ற பெருங்கதையாடலின் அஸ்திவாரங்களில் ஒன்று அது. ‘பிரமயுகம்’ அந்த ஆற்றுப்படையைத் தலைகீழாகப் பிடிக்கிறது. சோறு கிடைக்கிறது, வெளியே போகும் வழி அடைபடுகிறது. புரவலன் கொடுக்கும் ஒவ்வொரு கவளமும் கணக்கில் ஏறுகிறது. படத்தை எடுத்தவர்கள் சங்கப் பாட்டை நினைத்தார்களா என்பது எனக்கு முக்கியமில்லை. வாங்கித் தின்றவனின் பக்கத்திலிருந்து அந்த உறவை வாசித்தால் என்ன தெரியும் என்பதை ஒரு திகில் படம் காட்டிவிட்டது.

இது மாயாஜாலம் என்று ஒதுக்கிவிட முடியாது. சோறு போட்டு, முன்பணம் கொடுத்து, ஆளின் நாளை எடுத்துக்கொள்ளும் வித்தைக்கு எங்கள் பக்கத்தில் மந்திரவாதி தேவைப்பட்டதில்லை. பிரிட்டிஷ் இந்தியாவில் அடிமைமுறைக்குச் சட்ட அங்கீகாரம் போனது 1843இல். திருவிதாங்கூரில் 1855இல். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல். இத்தனைக்கும் பிறகு 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து இருளர் குடும்பங்களைச் சேர்ந்த 42 பேரை அதிகாரிகள் மீட்டார்கள். ஒரு முதியவர் அதிகாரியின் காலில் விழுந்து கிடந்த புகைப்படத்தை அன்று பலரும் பார்த்திருப்பீர்கள். வாங்கிய கடன் சில ஆயிரம், கொடுத்த காலம் வருஷக்கணக்கு. போற்றியின் பகடை இதே கணக்கில்தான் உருள்கிறது. அந்த வகையில் மந்திரவாதியை வில்லனாக்கியதில் படம் நேர்மையாகவே இருக்கிறது. ஐதீகமாலையில் வித்தையாகத் தெரிந்தது இங்கே சுரண்டலாகத் தெரிகிறது. இல்லத்தாருக்குக் கோபம் வந்ததன் நியாயமும் அநியாயமும் இதில்தான் இருக்கிறது.

ஆனால் படம் அங்கே நிற்கவில்லை. இரண்டாம் பாதியில் ஒரு முடிச்சு அவிழ்கிறது. மனையில் உட்கார்ந்திருப்பவர் போற்றியே இல்லை. போற்றியின் முன்னோர் ஒருவர் வாராகியிடம் வரமாகப் பெற்று, அடிமையாக்கி, வதைத்த சாத்தன் கட்டவிழ்ந்து, எஜமானனைக் கொன்று அவன் உருவத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கடைசியில் அவன் பாணனின் உருவத்தை எடுத்துக்கொள்கிறான். பறங்கித் துப்பாக்கிகள் வந்து நிற்க, படம் முடிகிறது.

இதைப் பலர் அதிகாரம் பற்றிய மகத்தான உருவகம் என்று மெச்சினார்கள். நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் அதே ஆள்தான், ஆகவே அதிகாரமே குற்றவாளி என்பது அவர்கள் வாசிப்பு. இது வலுவான வாசிப்பு, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. புரட்சிக்குப் பின் வந்த அரசுகளின் கதையும், எதிர்த்து வந்து ஆண்டவர்களின் கதையும் நமக்குத் தெரியாததா? ஆனாலும் கேட்க வேண்டியது இருக்கிறது. அதிகாரம் பொதுவானது என்று சொல்ல வந்த கதை, குற்றத்தைச் சுமக்க ஏன் அடிமையைத் தேர்ந்தெடுக்கிறது? இரண்டு மணி நேரம் நாம் வெறுத்த ஒவ்வொரு செயலும், ஒரு வசனத்தில், போற்றி கணக்கிலிருந்து சாத்தன் கணக்குக்கு மாற்றி எழுதப்படுகிறது. அசல் போற்றிகளின் கொடுமை முன்கதையாகச் சுருங்குகிறது. சாத்தனின் கொடுமை படமாக விரிகிறது. பெயரை மாற்றச் சொல்லி வழக்குப் போட்டவர்கள் படத்தைக் கடைசிவரை பார்த்திருந்தால் கொஞ்சம் ஆறுதலே அடைந்திருப்பார்கள்.

சாத்தன் யார்? ஒரு கதையில் அவன் சிவனுக்கும் கூளிவாகை என்ற மலைப்பெண்ணுக்கும் பிறந்த பிள்ளை. வடமலபாரின் தெய்யம் மரபில் அவன் காளகாட்டு இல்லத்தில் வளர்கிறான். கறுத்த பிள்ளை. ஓதச் சொன்னால் ஓதமாட்டான். அடித்த குருவைக் கொல்கிறான். மாட்டைக் கொன்று ரத்தம் குடிக்கிறான். இல்லத்து நம்பூதிரி அவனைத் துண்டுதுண்டாக வெட்டி ஹோமகுண்டத்தில் போடுகிறான். நெருப்பிலிருந்து ஒரு சாத்தன் அல்ல, பல சாத்தன்கள் எழுந்து வந்து இல்லத்தையே கலங்கடிக்கிறார்கள். கடைசியில் வெட்டியவர்கள் அவனுக்குக் கோலம் கட்டிக் கும்பிட வேண்டியதாகிறது. இதைவிடத் தெளிவாக ஒரு கலகக் கதை எப்படி இருக்க முடியும்? வேதம் மறுத்தவன், வெட்டுப்பட்டவன், பெருகியவன். அவன் இல்லத்தைப் பிடித்து அங்கே எஜமானனாக உட்கார்ந்துகொள்வதில்லை. வெளியே வந்து, ஒடுக்கப்பட்ட சாதியார் கட்டியாடும் தெய்வமாகிறான்.

வெகுஜனத் திரைப்படத்துக்கே இது தெரியாமல் இருந்ததில்லை. 1984இல் வந்த ‘மை டியர் குட்டிச்சாத்தான்’, இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படம், மந்திரவாதியிடம் கட்டுப்பட்டுக் கிடக்கும் சாத்தனைப் பிள்ளைகள் விடுவிக்கும் கதை. அதில் மந்திரவாதி வில்லன், சாத்தன் சிநேகிதன். நாற்பது வருஷத்தில் விடுவிக்கப்பட வேண்டியவன் அஞ்சப்பட வேண்டியவனாகிவிட்டான். இந்த மாற்றத்தை வெறும் திரைக்கதை உத்தி என்று என்னால் விட முடியவில்லை.

சரி, இதெல்லாம் மலையாளத்துக் கதை, நமக்கென்ன என்று கேட்கலாம். நம் கதையைப் பார்ப்போம். மானாம்பதிப் பக்கம் மாடு செத்தாலும் பிள்ளை மெலிந்தாலும், ‘எவனோ மலையாளத்துக்குப் போயி வெச்சிட்டு வந்துட்டான்’ என்று சொல்வதைக் கேட்டு வளர்ந்தவன் நான். அழகர் கோயிலில் அழகரின் சக்தியைக் கவர்ந்துபோக வந்த மலையாள மந்திரவாதிகள் பதினெட்டுப் பேரையும் கொன்று படிக்குக் கீழே புதைத்தார்கள், கூட வந்த கருப்பன் காவலாக நின்றான் என்கிறது பதினெட்டாம்படிக் கருப்பன் கதை. தொ. பரமசிவன் ‘அழகர் கோயில்’ (1989) ஆய்வில் இதைப் பேசியிருக்கிறார். 1951இல் தெலுங்கிலும் தமிழிலும் வந்த ‘பாதாள பைரவி’யில் எஸ்.வி. ரங்காராவின் மந்திரவாதி நேபாளத்துக்காரன். நம் மந்திரவாதி எப்போதும் வெளியூர்க்காரன். நமக்கு மந்திரம் என்பது மற்றமையின் அடையாளம். உள்ளூரில் அந்தப் பழி யார்மேல் விழும்? கோடாங்கி, குடுகுடுப்பைக்காரர், இருளர். மலபாரில் பாணர்களும் அப்படித்தான் பதிவாகியிருக்கிறார்கள். குடை கட்டுபவர்கள், பேயோட்டுபவர்கள் என்று தர்ஸ்டனின் 1909ஆம் வருஷத்துத் தொகுதிகள் சொல்கின்றன.

அப்படியானால் உள்ளூர்ப் பெரிய வீட்டில் மந்திரமே இல்லையா? எங்களுக்குப் பக்கத்தில் உத்திரமேரூர். குடவோலைக் கல்வெட்டு என்று எல்லாரும் கொண்டாடுவது. முதலாம் பராந்தகன் காலம், 919, 921. இரண்டாவது கல்வெட்டின் தகுதிப் பட்டியலைப் படித்துப் பாருங்கள். கால்வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயது, கூடவே மந்திரப் பிராமணத்தில் தேர்ச்சி. அது வேதக்கல்வி, மாந்திரீகம் இல்லை என்று சொல்வீர்கள். அதைத்தான் நானும் சொல்ல வருகிறேன். ஒரே சொல் நிலத்தோடும் மனையோடும் சேர்ந்தால் தகுதியாகிறது. நிலமில்லாதவன் வாயில் வந்தால் சூனியமாகிறது. எது வேதம், எது ஏவல் என்று பிரிக்கிற அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதுதான் மந்திரத்தின் வரலாறு. இந்த இடத்தில் ‘பிரமயுகம்’ நமக்கு உதவுகிறது. மந்திரவாதியை நேபாளத்திலிருந்து வரவழைக்காமல் மனைக்குள்ளேயே உட்கார வைத்தது. தமிழ்ப் படம் ஒன்றும் அதற்குத் துணிந்ததாக எனக்கு நினைவில்லை. துணிந்த படம் கடைசி அரைமணியில் மனையைக் காலி செய்து பழியை வேலைக்காரன் தலையில் வைத்ததுதான் என் மனத்தாங்கல்.

பழைய கதையைத் திருப்பி எழுதவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2025 ஆகஸ்டில் வந்த ‘லோகா’ கள்ளியங்காட்டு நீலியை நாயகியாக்கியது. கள்ளியங்காடு நம் நாகர்கோவில் பக்கம். கத்தனார் ஆணியடித்து அடக்கியதாகச் சொல்லப்பட்ட பேய், பெருங்கூட்டம் கைதட்டும் வீரியாக எழுந்து நடந்தாள். நம் பழையனூர் நீலியும் ஒருத்தன் கைவிடுவாளா என்று காத்திருக்கிறாள். திருப்பி எழுதலாம், எழுதத்தான் வேண்டும். எந்தப் பக்கம் திருப்புகிறோம் என்று மட்டும் கேட்டுக்கொள்வோம்.

போற்றியின் பெயரைக் காப்பாற்ற இல்லம் இருந்தது, வக்கீல் இருந்தார், நீதிமன்றம் இருந்தது. ஒரு எழுத்து மாற்றத்தில் மானம் பிழைத்தது. சாத்தனுக்கு இல்லமில்லை, பட்டாவில்லை, வம்சாவளி ஏடில்லை. அவன் பெயரால் மனுப்போட்டால் நீ யார், உனக்கு என்ன உறவு என்று முதல் கேள்வி வரும். அவனை வெட்டியபோது தெறித்த துண்டுகளின் வாரிசுகள் நாங்கள் என்று சொல்ல ஆட்கள் வேண்டும். அதுவரை அவன் வழக்கை இந்த மாதிரிப் பக்கங்களில்தான் நடத்த வேண்டியிருக்கிறது.