சும்மா ஒரு பயணம்

இங்கிலாந்தில் 1841 ஜூலை 5ஆம் தேதி, தாமஸ் குக் என்பவர் சுமார் 500 பேரை லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு ரயிலில் கூட்டிப்போனார். போக வர ஒரு ஷில்லிங். மதுவிலக்குக் கூட்டத்துக்கான பயணம் அது. பிறகு ஊர் பார்க்கவே ஆட்களைக் கூட்டிப்போகலானார். 1855இல் கடல் தாண்டி ஐரோப்பாவுக்கும் கூட்டிச்சென்றார். இன்றைய சுற்றுலாத் தொழிலுக்கு அதுவே ஆரம்பம் என்பார்கள்.

அந்த முதல் பயணத்தின் தூரம் 18 கி.மீ. போல. நம் அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் உள்ள தூரத்தைவிடக் கொஞ்சம்தான் கூடுதல்.

சிறுவயதில் திருச்சுழிக்கு மாட்டுவண்டியில் போவோம். கட்டுச்சோறு, பூமிநாதர் தரிசனம், குண்டாற்று மணல், 1879இல் ரமணர் பிறந்த வீடு. ஆனால் ஊர் பார்க்கப் போகிறோம் என்று யாரும் சொன்னதில்லை. அமாவாசை, நேர்த்திக்கடன் என்று ஏதாவது காரணம் வேண்டும். காரணம் இல்லாமல் பெண்கள் வாசல் தாண்ட முடியாது. வானம் பார்த்த பூமியில் வேலையில்லாத நாள் உண்டு, ஓய்வுநாள் கிடையாது.

1963-64இல் விருதுநகர் - மானாமதுரை மீட்டர்கேஜ் பாதை வந்தது. ஒருநாள் அம்மா, "சும்மா போய்ட்டு வருவோம்டா" என்றாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, திருச்சுழியிலும் இறங்காமல், நரிக்குடி வரை போய்த் திரும்பினோம். குக் ஆரம்பித்தது எங்கள் வீட்டுக்கு வந்துசேர நூற்றிருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

2013இல் அது அகலப்பாதையானது. அம்மாவின் பழைய கணக்கு நோட்டு என்னிடம் இருக்கிறது. அன்றைய டிக்கெட் காசுக்கு நேரே 'சும்மா' என்றுதான் எழுதியிருக்கிறாள்.