கிடங்குக்குள் போன பாட்டுகள்

எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் கொஞ்சம் பெரிய சந்தி என்றால் அங்கே ஒரு றெக்கோடிங் பார் இருக்கும். சாவகச்சேரியில் கண்டி வீதியோரம் இருந்த ஒன்றில்தான் நான் தொழில் பழகினேன். சனம் கொப்பித் தாளில் பாட்டுகளின் முதலடியை எழுதிக்கொண்டு வரும். கூடவே ஒரு ரி.டி.கே. அறுபது கசெற். இசைத்தட்டை ஏற்றி, மீற்றர் ஊசி சிவப்புக்குள் போகாமல் பார்த்து, ஒரு பக்கத்து முப்பது நிமிசத்துக்குள் கேட்ட பாட்டுகளை அடக்கிக் கொடுப்பது எங்கள் வேலை. பக்கம் முடிய இரண்டு நிமிசம் மிஞ்சினால் முதலாளி அதில் ஒரு நாதஸ்வரத் துண்டைச் சேர்த்துவிடுவார். அதற்குக் காசில்லை.

கடை ஓடியது சினிமாப் பாட்டால். ஆனால் கடையின் சொத்து உள்ளறைத் தட்டில் இருந்தது. அந்தக் காலத்தில் கோயில் திருவிழாவில் மேளச் சமா என்றால் மேடைக்கு முன்னால் ஏழெட்டு ரேப் ரெக்கோடராவது இருக்கும். விடிய விடிய வாசிப்பு நடக்கும். மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மன் கோயிலின் பங்குனித் திங்களுக்கும் சனம் செற்றோடுதான் வரும். பிறகு அங்கே பதிந்த கசெற்றைப் பிரதி எடுக்க எங்களிடம் கொண்டு வருவார்கள். முதலாளி அவர்களிடம் கேட்டு, கடைக்கும் ஒரு பிரதி எடுத்து வைப்பார். எங்கள் ஊரின் கே. எம். பஞ்சாபிகேசன், அளவெட்டி என். கே. பத்மநாதன் ஆகியோரின் நாதஸ்வரம், 1975இல் மறைந்த தவில் மேதை தட்சிணாமூர்த்தியின் பழைய ஸ்பூல் நாடாவிலிருந்து மாற்றிய தனி, சின்னமணியின் வில்லிசை எல்லாம் அந்தத் தட்டில் இருந்தன. சினிமாப் பாட்டு அழிந்தால் மதராசிலிருந்து இன்னொரு இசைத்தட்டு வரும். ஒரு திருவிழா இரவில் வாசித்த தோடிக்கு வேறு பிரதி எங்கும் கிடையாது.

1987இல் இந்திய இராணுவத்தோடு சண்டை மூண்டு ஊரடங்கு வந்த பிறகு இரவுத் திருவிழாக்கள் பகலுக்கு நகர்ந்தன. சமாக்கள் சுருங்கின. 1990 யூனில் மீண்டும் போர் தொடங்கியபோது குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. அரசாங்கம் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகத் தடைசெய்த பொருட்களில் பெற்றோலும் சீமெந்தும் இருந்தன, பற்றரியும் இருந்தது. பாட்டுக் கேட்பதற்கு எதிராக ஒருவரும் சட்டம் எழுதவில்லை. பற்றரியை மறித்தாலே அது போதுமாயிருந்தது.

1995 வரையான அந்த ஐந்து வருசமும் நாங்கள் பாட்டுக் கேட்ட விதத்தை இன்றைய பிள்ளைகளுக்கு விபரமாகச் சொல்ல வேண்டும். செத்த பற்றரியை வெயிலில் காயவைப்போம். ஆணியால் துளைத்து உப்புத்தண்ணி விடுவோம். ஒரு செய்தி கேட்கிற அளவுக்கு அது உயிர்க்கும். அதுவும் முடிந்தபின் சைக்கிள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின்சில்லில் டைனமோவை முட்டவைத்து, பெடலைக் கையால் சுற்ற வேண்டும். டைனமோவில் வருவது ஏ.சி., றேடியோவுக்கு வேண்டியது டி.சி. பழைய செற்றுகளில் கழற்றிய டையோட் நாலும் ஒரு கப்பாசிற்றரும் வைத்துப் பற்றவைத்துக் கொடுப்பதே எங்கள் கடையின் புதுத் தொழிலாயிற்று. சுற்றுகிறவன் களைத்தால் பாட்டும் களைக்கும். நாதஸ்வரத்தின் சுருதி கீழே இறங்க, இருந்து கேட்கிற கிழவர், "தம்பி, ஒரே சீராய்ச் சுத்தடா, சட்சமம் விழுகுது" என்று சத்தம் போடுவார். கசெற்றை முன்னுக்குப் பின்னுக்கு ஓட்டுவது பென்சிலால். அறுந்த நாடாவை செலோரேப்பால் ஒட்டுவோம். ஒட்டின இடத்தில் ஒரு கணம் சத்தம் நின்று வரும், அவ்வளவுதான்.

குடாநாடு அப்போது புலிகளின் ஆட்சியில் இருந்தது. இதையும் மறைக்காமல் எழுத வேண்டும். சினிமாப் படங்கள் அவர்களின் தணிக்கைக்குப் பிறகே திரைக்கு வந்தன. இயக்கத்தின் எழுச்சிப் பாட்டுகள் சந்திகளில் ஒலித்தன. அவற்றில் பலதும் நல்ல பாட்டுகள் என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் அதே யாழ்ப்பாணத்தில்தான் பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்த கவிஞர் செல்வி 1991இல் புலிகளால் பிடித்துச் செல்லப்பட்டார். அடுத்த வருசம் உலக எழுத்தாளர் அமைப்பான பென் அவருக்கு விருது அறிவித்தது. செல்வி திரும்பி வரவில்லை. எழுச்சிப் பாட்டுகள் பலவற்றை எழுதிய புதுவை இரத்தினதுரையும் 2009 மே மாதம் இராணுவத்திடம் சரணடைந்தபின் காணாமற்போனார் என்கிறார்கள். இருவரின் நிலைப்பாடும் வேறு வேறு. ஆனால் இரண்டு வீட்டுக்கும் பதில் சொல்ல ஒருவரும் இல்லை.

இராணுவம் நெருங்க, 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்துச் சனமெல்லாம் நாவற்குழிப் பாலத்தால் எங்கள் தென்மராட்சிக்கு வந்தது. பள்ளிக்கூடம், கோயில் மண்டபம், மாமரத்தடி, எங்கும் ஆட்கள். சட்டி பானையோடு கசெற் பெட்டியையும் தூக்கி வந்தவர்களை நான் கண்டேன். ஆறு மாதம் கழித்து, 1996 ஏப்ரலில், இராணுவம் தென்மராட்சிக்குள்ளும் வந்தது. வீட்டுச் சோதனைக்குப் பயந்து, அந்தக் கிழமைதான் ஊர் முழுக்கக் கிடங்கு வெட்டியது.

புத்தகமென்றால் அட்டையைப் பார்த்து இன்னதென்று சொல்லலாம். கசெற்றின் மேலே "முருகன் பக்திப் பாடல்கள்" என்று எழுதியிருந்தாலும் உள்ளே என்ன இருக்கிறதென்று போட்டுக் கேட்டால்தான் தெரியும். சோதனைக்கு வருகிற சிப்பாய்க்குத் தமிழும் தெரியாது, நின்று கேட்க நேரமும் இராது. அதனால் எழுச்சிப் பாட்டு வைத்திருந்தவர் மட்டுமல்ல, வில்லிசை வைத்திருந்தவரும் பயந்தார். சிலர் அடுப்பில் போட்டார்கள். மனம் வராதவர்கள் பொலித்தீன் பையில் சுற்றி, பிஸ்கற் ரின்னுக்குள் அடைத்து, பலாமரத்தடியில் தாட்டார்கள். எங்கள் கடையின் உள்ளறைத் தட்டும் அப்படித்தான் மண்ணுக்குள் போயிற்று. மாரி மழை பெய்தது. பிறகு 2000 மே முதல் செப்ரெம்பர் வரை சாவகச்சேரியே சண்டைக்களம். சந்தை, கடைத்தெரு, வீடுகள் எல்லாம் தரைமட்டம். திரும்பி வந்தவர்களுக்கு வளவின் எல்லையே தெரியவில்லை, பலாமரம் எங்கே தெரியப்போகிறது!

பயந்து மறைத்த இசை எங்களுடையது மட்டுமல்ல. சோவியத் ரஷ்யாவின் இசையமைப்பாளர் ஷொஸ்தகோவிச்சைப் பற்றி நான் பிற்காலத்தில்தான் வாசித்தேன். 1936 ஜனவரி 26 அன்று அவருடைய "லேடி மக்பெத்" ஒபராவைப் பார்க்க வந்த ஸ்டாலின் முடியுமுன்னே எழுந்து போனார். இரண்டு நாள் கழித்துப் பிராவ்தா பத்திரிகை அதைச் சங்கீதமே அல்ல, குழப்பம் என்று எழுதியது. அந்த வருச முடிவில், ஒத்திகை நடந்துகொண்டிருந்த தன் நாலாவது சிம்பனியை ஷொஸ்தகோவிச் மீளப் பெற்றுக்கொண்டார். போரில் அதன் கையெழுத்துப் பிரதி தொலைந்தது. ஆனால் வாத்தியக்காரர்களுக்கென்று தனித்தனியாக எழுதிக் கொடுத்த தாள்கள் லெனின்கிராட்டில் தப்பிக் கிடந்தன. அவற்றைச் சேர்த்து முழுமையாக்கி, 1961 டிசம்பர் 30 அன்று மொஸ்கோவில் வாசித்தார்கள். இருபத்தைந்து வருசம் கழித்து அந்தச் சிம்பனி உயிரோடு வந்தது.

அதே நாட்டில் எங்களைப்போல றெக்கோடிங் தொழில் செய்தவர்களும் இருந்தார்கள். தடைசெய்யப்பட்ட பாட்டுகளை, ஆசுப்பத்திரிகள் கழித்த எக்ஸ்றே படத்தை வட்டமாக வெட்டி, அதிலே இசைத்தட்டாகப் பதிந்து இரகசியமாக விற்றார்கள். வெளிச்சத்தில் பிடித்தால் விலா எலும்பு தெரியும். பிடிபட்டவர்கள் சிறைக்குப் போனார்கள். அந்த எலும்புத் தட்டுகளை இன்று கண்காட்சியில் வைக்கிறார்கள், புத்தகம் எழுதுகிறார்கள்.

ஷொஸ்தகோவிச்சுக்குத் தாள் இருந்தது. எங்கள் நாதஸ்வரக்காரருக்குத் தாள் இல்லை. இராக ஆலாபனையும் தனி ஆவர்த்தனமும் வாசிக்கிற நேரத்தில் பிறந்து அந்த நேரத்திலேயே முடிகிற சங்கதிகள். நாடா ஒன்றுதான் சாட்சி. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைப் பற்றி நாங்கள் ஓயாமல் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். ஆனால் 1996இல் தென்மராட்சி வளவுகளுக்குள் தாட்ட இசையைப் பற்றி ஒரு வரி எழுதினவரைக்கூட நான் காணவில்லை. அந்த இழப்பும் நூலகத்தின் இழப்புக்குக் குறைந்ததல்ல என்பது என் முடிவு.

ஆனாலும் எல்லாம் போய்விடவில்லை. எங்கள் கடையில் பிரதி எடுத்த கசெற்றுகள் கொழும்புக்கும் லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் போயிருக்கின்றன. உங்கள் வீட்டு அலுமாரியில் அப்படி ஒன்று கிடந்தால், அதை எறியாதீர்கள். பூஞ்சணம் பிடித்த நாடாவை உடனே போட்டுப் பார்க்கவும் வேண்டாம், அறுந்துவிடும். தொழில் தெரிந்தவர் கையில் கொடுங்கள். எண்ணிமப் பிரதி எடுத்தபின் அதை நூலகம் நிறுவனத்திடம் ஒப்படையுங்கள், 2005 முதல் எங்கள் ஆவணங்களைச் சேர்த்து வருகிறவர்கள் அவர்கள். கசெற் உறையில் பேனையால் எழுதியிருப்பதை மட்டும் அழிக்க வேண்டாம். ஆர் வாசித்தது, எந்தக் கோயில், எந்த வருசம் என்பது வேறெங்கும் எழுதப்படவில்லை.