பம்பாய் ஜாஸ்: ஓட்டல் மேடையிலிருந்து திரையிசைக்கு

பம்பாயில் ஜாஸ் இசை ஓட்டல் மேடைகளில் தொடங்கியது. சாமானியர் காதுக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது சினிமா. இரண்டுக்கும் பாலமாக இருந்தவர்கள், மேற்கத்திய இசையை நொட்டேஷனில் எழுதவும் படிக்கவும் தெரிந்த கோவாக் கலைஞர்கள்.

அமெரிக்காவின் மினியாபொலிஸைச் சேர்ந்த வயலின் கலைஞர் லியோன் ஆபி 1935-இல் தம் குழுவோடு தாஜ் மகால் ஓட்டலுக்கு வந்தார். குழுவில் அனைவரும் ஆப்பிரிக்க அமெரிக்கர்கள். அத்தகைய ஜாஸ் குழு ஒன்று இந்நகரில் வாசித்தது அதுவே முதல் முறை. அவரைத் தொடர்ந்து டிரம்பெட் கலைஞர் கிரிக்கெட் ஸ்மித்தும், சிகாகோவிலும் ஷாங்காயிலும் பெயர் பெற்ற பியானோ கலைஞர் டெடி வெதர்ஃபோர்டும் வந்தனர். வெதர்ஃபோர்ட் இந்தியாவிலேயே தங்கிவிட்டார். 1945-இல் கல்கத்தாவில் காலராவுக்குப் பலியானார். வெள்ளையரும் சமஸ்தான மன்னர்களும் பெருஞ்செல்வரும் மட்டுமே நுழையக்கூடிய நடன அரங்கில்தான் இந்த இசை ஒலித்தது என்பதையும் மறப்பதற்கில்லை.

போர்த்துகீசிய ஆட்சியிலிருந்த கோவாவில் தேவாலயப் பள்ளிகள் சிறுவர்களுக்குப் பாட்டும் வயலினும் நொட்டேஷனோடு கற்பித்தன. அங்கே பயின்று பிழைப்புத் தேடி பம்பாய் வந்தவர்கள் புதிய இசையை விரைவில் பிடித்துக்கொண்டனர். ஆல்டோனா கிராமத்தில் 1916-இல் பிறந்த அந்தோனியோ சேவியர் வாஸ், ‘சிக் சாக்லேட்’ என்ற பெயரில் டிரம்பெட் வாசித்து, பம்பாயின் லூயி ஆம்ஸ்ட்ராங் எனப்பட்டார்.

1947-இல் ஆங்கிலேயர் வெளியேறினர். 1949-இன் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் மிச்சமிருந்த இரவு வாழ்க்கையையும் ஒடுக்கியது. ஓட்டல் வருமானம் குறையக் குறைய, சினிமாவில் வாசிக்கும் கலைஞர்களின் எண்ணிக்கை பெருகியது. இசையமைப்பாளர் ஆர்மோனியத்தில் மெட்டைப் பாடிக்காட்டுவார். அரேஞ்சர் அதை நொட்டேஷனில் எழுதி, அடியில் கார்டுகளை (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகளை) அமைத்து, பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையில் டிரம்பெட், சாக்ஸபோன், வயலின் வரிசை ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தாள் எழுதித் தருவார். ஒற்றை மெட்டில் ஓடும் நம் இசைக்கு ஹார்மனி ஒட்டிக்கொண்டது இந்தத் தாள்களில்தான். லாகூரில் நடனக் குழு நடத்திவிட்டு, பிரிவினைக்குப் பின் பம்பாய் வந்த செபாஸ்டியன் டிசோஸா, செம்பூர் ஆர்.கே. ஸ்டூடியோவின் ஆஸ்தான இசையமைப்பாளர்களான சங்கர்-ஜெய்கிஷனுக்கு அரேஞ்சராக இருந்தார். படங்களின் டைட்டிலில் இத்தகையோர் பெரும்பாலும் ‘உதவி’ என்ற அளவில் நின்றனர், அல்லது இடமே பெறவில்லை. திரையிசை வரலாற்றின் பெரிய அநீதிகளில் இது ஒன்று.

சிக் சாக்லேட்டை சினிமாவில் முழுமையாகப் பயன்படுத்தியவர் சி.ராம்சந்திரா. ‘அல்பேலா’ (1951) படத்தில் சிக் தம் குழுவோடு திரையிலேயே தோன்றுகிறார். ராம்சந்திரா இசையமைப்பாளராக அறிமுகமானது ‘ஜெயக்கொடி’ என்ற தமிழ்ப் படத்தில். ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ (1958) படத்தின் இசையும் அவருடையதே. தமிழ் ரசிகர்கள் பம்பாய் பாணியைப் பெயர் அறியாமலே கேட்டுப் பழகியிருந்தனர்.

மேடை ஜாஸ் அடியோடு மறைந்துவிடவில்லை. 1958-இல் அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் டேவ் புரூபெக் பம்பாயில் சிதார் கலைஞர் அப்துல் ஹலீம் ஜாஃபர் கானோடு வாசித்தார். 1963-இல் ஜாஸ் குழுத் தலைவர் டியூக் எலிங்டன் இந்தியா வந்தார். நிரஞ்சன் ஜவேரி முன்னின்று 1978-இல் தொடங்கிய ‘ஜாஸ் யாத்ரா’ விழா சாக்ஸபோன் கலைஞர் சானி ராலின்ஸை அழைத்துவந்தது.

கர்நாடக இசையோடு ஜாஸ் நேரடியாகக் கைகோத்தது வேறு வழியில். கிதார் கலைஞர் ஜான் மக்லாஃப்ளின், வயலின் கலைஞர் எல்.சங்கர், பம்பாயில் பிறந்த தபலா கலைஞர் ஜாகிர் உசேன், கடம் கலைஞர் விக்கு விநாயக்ராம் ஆகியோரின் ‘சக்தி’ குழு 1976-இல் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. தாளச் சொற்களை வாயால் ஒலிக்கும் கொன்னக்கோலும் கடமும் கிதாரின் வேகத்துக்குச் சரிக்குச் சரி நின்றது அதன் தனித்தன்மை. செம்பூரில் தமிழ்க் குடும்பத்தில் வளர்ந்த சங்கர் மகாதேவன் பிற்காலத்தில் இக்குழுவில் பாடகரானார். அவர் பாடிய ‘திஸ் மொமெண்ட்’ ஆல்பம் 2024 பிப்ரவரியில் கிராமி விருது பெற்றது.