பகடையும் சேதக் கணக்கும்

போர்க்களத்தின் குழப்பத்தை மேஜைமீது வரைபடமாக விரித்து, அதில் படை அதிகாரிகளின் புத்தியைப் பழக்க வேண்டும் என்ற எண்ணம் பிரஷ்ய ராஜ்யத்தில் உருவெடுத்தபோது, கூடவே பிறந்த தொல்லை சேதத்தைக் கணக்கிடும் தொல்லையே. 1824-இல் ரைஸ்விட்ஸ் என்ற இளம் பீரங்கிப்படை அதிகாரி, தம் தந்தை தொடங்கிவைத்த ஆட்டத்தைச் செம்மைப்படுத்தி, 'கிரீக்ஸ்ஷ்பீல்' என்னும் விதிநூலாக வெளியிட்டார். துப்பாக்கிச் சூட்டால் விளையும் உயிர்ச்சேதத்தைப் பகடையின் முகங்களிலேயே பொறித்து, ஒரே உருட்டலில் நடுவர் நஷ்டத்தை அறியும்படி செய்த அவருடைய யுக்தி இன்றும் வியக்கத்தக்கது. ஆயினும் விதிகள் பெருகி நடுவரைக் கணக்கப்பிள்ளையாக்கிவிடவே, 1876-இல் வெர்டி டு வெர்னுவா என்ற அதிகாரி, அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பே போதும் என்று வாதித்தார்.

இதே சேதக் கணக்குத் தொல்லை பிற்காலப் பொழுதுபோக்கு ஆட்டங்களையும் விடவில்லை. 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் கற்பனைப் பாத்திர ஆட்டத்தில், முதலில் எந்த ஆயுதத்துக்கும் ஓர் ஆறுமுகப் பகடைதான். மறு ஆண்டே 'கிரேஹாக்' என்னும் அநுபந்தம் ஆயுதத்துக்கு ஆயுதம் வெவ்வேறு பகடைகளை வகுத்துவிட்டது. பிற்காலத்தில் தீக்கோள மந்திரத்துக்கு எட்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டிக் கூட்டி முடிப்பதற்குள் ஆட்டத்தின் வேகமே தணிந்துவிடும். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு, அரக்கர்கள் விளைக்கும் சேதத்துக்குச் சராசரி எண்ணையும் அச்சிட்டு உதவியது. அந்த எட்டுப் பகடைகளுக்கும் சராசரி 28. சராசரி வேகத்தைத் தரும், பரபரப்பைத் தராது. ஆதலால் அடி படுகிறதா என்று தீர்மானிக்கும் தாக்குதல் பகடையையும் சேதப் பகடையையும் ஒருசேர உருட்டும் வழக்கமே மிகச் சிறந்தது என்பது என் துணிபு.