கார் ரேடியோ: மாற்றுவதா, சரிசெய்வதா?

எங்கள் தாத்தாவின் 1974 அம்பாசடர் இன்னும் திருநின்றவூர் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. வண்டி ஓடும், ரேடியோ மட்டும் பாடாது. போன மாதம் அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு புதுப்பேட்டைக்குப் போனோம். "இதைத் தூக்கிப் போட்டுட்டு புளூடூத் செட் மாட்டிக்குங்க தம்பி" என்றார் கடைக்காரர். மாமாவும் அதையேதான் சொன்னார். எனக்கு மனசு வரவில்லை. அந்தப் பெட்டி எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். அந்தக் கதைதான் இது.

காருக்குள் ரேடியோ வைப்பது ஆரம்பத்தில் லேசான காரியமாக இல்லை. வால்வு ரேடியோவுக்கு அதிக வோல்ட் வேண்டும், அன்றைய கார் பேட்டரி தந்ததோ 6 வோல்ட்தான். போதாததற்கு ஸ்பார்க் பிளக் கிளப்பும் கரகரப்பு வேறு. 1930-ல் அமெரிக்காவில் கால்வின் சகோதரர்கள் இதையெல்லாம் சமாளித்து ஒரு கார் ரேடியோவை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அதன் பெயர் மோட்டரோலா. பின்னாளில் கம்பெனிக்கே அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள்! 1932-ல் ஜெர்மனியில் ப்ளாபுங்க்ட்டின் கார் ரேடியோ வந்தது. 1955-ல் கிறைஸ்லர் கார்களுக்காக ஃபில்கோ முழு டிரான்சிஸ்டர் ரேடியோவைச் செய்தது. அதன் பிறகுதான் பெட்டி சின்னதானது, பேட்டரியும் பிழைத்தது.

நம் ஊரில் இன்னொரு தொல்லையும் இருந்தது. அதுதான் லைசென்ஸ். 1933-ம் வருட கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் ரேடியோ வைத்திருப்பதே குற்றம். தபால் ஆபீஸில் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். 1980-களின் நடுவில்தான் இது ஒழிந்தது. தாத்தாவின் லைசென்ஸ் புத்தகம் இன்னமும் கார் டேஷ்போர்டு அறையில் இருக்கிறது. ஒரு பெட்டியில் பாட்டு கேட்க அரசாங்க அனுமதி வாங்கிய காலம்!

பாட்டு கிடைத்ததா என்றால் அதுவும் சுலபமில்லை. 1952-ல் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டைக் குறைத்தது, ஜனங்கள் இலங்கை வானொலிப் பக்கம் திரும்பினார்கள். அதற்குப் பதிலாக 1957-ல் விவித் பாரதி வந்தது. நாட்டின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பு 1977 ஜூலை 23-ல் தொடங்கியது நம்ம சென்னையில்தான். ஆனால் எங்கள் பெட்டி மீடியம் வேவ் மட்டுமே பிடிக்கும். 2003-ல் தனியார் எஃப்.எம். சென்னைக்கு வந்தபோது, இப்படிப்பட்ட செட்டுகளுக்கு அவை எட்டவே இல்லை. பலரும் பழையதைக் கழற்றி எறிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கழற்றுவதில் ஒரு சிக்கல் உண்டு. பழைய செட்டில் இரண்டு குமிழ், நடுவில் டயல். புது செட்டுகள் 180 மி.மீ. அகலம், 50 மி.மீ. உயரம் என்ற டின் அளவில் வருகின்றன. உள்ளே நுழைக்க டேஷ்போர்டை வெட்ட வேண்டும். பழைய பிரிட்டிஷ் வடிவமைப்பு வண்டிகள் பலவற்றில் பாடியோடு இணைந்திருப்பது பேட்டரியின் பாசிட்டிவ் முனை. அதைப் பார்க்காமல் புது செட்டை மாட்டினால் புகைதான் வரும்.

வணிகவியல் படிக்கிறவன் என்பதால் கணக்கும் போட்டுப் பார்த்தேன். புது செட், ஸ்பீக்கர், வெட்டுக்கூலி எல்லாம் சேர்த்து ஆறாயிரம் ரூபாயைத் தாண்டியது. ஆவடியில் ஒரு பழைய மெக்கானிக், காய்ந்துபோன கண்டென்சர்களை மாற்றி 700 ரூபாய் வாங்கிக்கொண்டார். கூடவே ஒரு வயரை வெளியே இழுத்து, போனைச் சொருகவும் வழி செய்து கொடுத்தார். மாமாவும் சமாதானம் ஆனார்.

அன்று ராத்திரி குமிழைத் திருப்பினோம். டயலில் விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரம் இரைச்சல், பிறகு தூரத்தில் எங்கிருந்தோ ஒரு நிலையம். என்ன பாஷை என்றுகூடத் தெரியவில்லை. பாட்டி திண்ணையிலிருந்து எழுந்து வந்து, முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

புது செட்டை எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். வெட்டிய டேஷ்போர்டை ஒட்ட முடியாது.