இடமும் அன்று, வலமும் அன்று

அரசியல் கட்சிகளை இடதுசாரி, வலதுசாரி என இரு கூறாகப் பிரிப்பது உலக வழக்காகிவிட்டது. 1789-ஆம் ஆண்டில் பிரெஞ்சு தேசிய சபையில் மன்னரின் அதிகாரத்தை ஆதரித்தோர் தலைவருக்கு வலப்புறத்திலும், எதிர்த்தோர் இடப்புறத்திலும் அமர்ந்தனர்; அதுவே இவ்வழக்கின் தோற்றம். ஆயினும் இவ்விரு வரிசைகளிலும் அடங்காத கட்சிகளும் உண்டு. அவை கிழிக்கும் கோடு வேறு: ஒருபுறம் உழைத்து வாழும் மக்கள், மறுபுறம் அவர்களை ஏய்த்துச் செழிக்கும் சிலர். இத்தகைய கட்சிகளுள் பெயர்பெற்றதாகிய அமெரிக்க மக்கள் கட்சியின் வரலாற்றை இங்கே நோக்குவோம்.

1865-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த பின்னர், பருத்தி, கோதுமை ஆகியவற்றின் விலை பல்லாண்டுகள் சரிந்து வந்தது. நாணயம் பொன்னோடு பிணைக்கப்பட்டமையால் பணம் அரிதாகி, குடியானவரின் கடன்சுமை ஏறியது. ரயில்வே கம்பெனிகள் வைத்ததே கட்டணம். இரு பெருங்கட்சிகளும் செவிசாய்க்காமை கண்ட குடியானவர்கள், 1892 ஜூலை 4-ஆம் நாள் ஒமாஹா நகரில் கூடித் தம் கொள்கையை அறிவித்தனர். ரயில்வேயை அரசுடைமையாக்க வேண்டும். வருமானம் உயர உயர வரி விகிதமும் உயர வேண்டும். வெள்ளி நாணயத்தைத் தடையின்றி வெளியிட வேண்டும் என்றனர். செனட் உறுப்பினர்களை மக்களே நேரில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதும் அவர்கள் விருப்பம். ஆயினும் தனியுடைமையை ஒழிப்பது அவர்கள் நோக்கமன்று. சொந்த நிலத்தைக் காத்துக்கொள்ள விழைந்தோரே பலர். வேண்டாத குடியேற்றத்தைத் தடுக்க வேண்டும் என்றும் அதே மாநாடு தீர்மானித்தது. இவர்களை எவ்வரிசையில் அமர்த்துவது?

அவ்வாண்டுத் தேர்தலில் அவர்களுடைய வேட்பாளர் ஜேம்ஸ் வீவர் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் பெற்றார். 1896-இல் ஜனநாயகக் கட்சி வெள்ளிக் கொள்கையைத் தனதாக்கிக்கொண்டு வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனை நிறுத்தவே, மக்கள் கட்சியும் அவரையே ஏற்றது. பிரையன் தோற்றார், கட்சியும் தேய்ந்தது. எனினும் கோரிக்கைகள் சில வென்றன. 1913-இல் வருமான வரிக்கும் செனட்டின் நேர்முகத் தேர்தலுக்கும் அரசியல் சட்டம் இடமளித்தது.

இவ்வரலாற்றுக்கு ஒரு துயரமான பகுதியும் உண்டு. ஜார்ஜியா மாநிலத்துத் தலைவர் டாம் வாட்சன், 1892-இல் வெள்ளைக் குடியானவரும் கறுப்புக் குடியானவரும் ஒன்றுபட வேண்டும் என்று வாதாடினார். இரு சாராரையும் பிரித்து வைத்தே சுரண்டுகிறார்கள் என எடுத்துக்காட்டினார். அதே வாட்சன் பிற்காலத்தில் கறுப்பரின் வாக்குரிமையைப் பறிக்கத் துணைநின்றார். யூதர் மீதும் கத்தோலிக்கர் மீதும் பகை வளர்த்தார். 'மக்கள்' என்னும் சொல்லை அவர் கைவிடவில்லை. அதன் எல்லையையே சுருக்கினார்.

ஆகவே, மக்களின் பெயரால் பேசும் ஒரு கட்சி எந்நாட்டில் எழுந்தாலும், அது இடமா வலமா என்று வினவுவதோடு நாம் அமையலாகாது. அது யாரை மக்கள் என்கிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்றும் வினவ வேண்டும். பிழைப்பை நாடி வேற்று மொழி வழங்கும் மாநிலங்களில் குடியேறி வாழும் நமக்கு, இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று.