வலிக்காத கையும் ஒரு சென்சாரும்

குற்றாலத்தில் பாறை வழுக்கினால் பாதம் உடனே சொல்லிவிடும். அந்தத் தொடு உணர்ச்சி செத்துப்போனால்? இதற்கு மாற்று தேடிய கதையின் வேர் நம்ம தமிழ்நாட்டில்தான் இருக்கிறது, நண்பர்களே.

1914-ல் கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-ல் வேலூர் சி.எம்.சி.யில் பணிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை. சூடும் காயமும் தெரியாததாலேயே சிதைகின்றன என்று அங்கே கண்டார்.

1966-ல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குப் போனவர், இன்ஜினியர்களைச் சேர்த்துக்கொண்டு கையுறையிலும் காலுறையிலும் அழுத்தம் அறியும் சென்சார்களை வைத்தார். அழுத்தம் மிஞ்சினால் காதில் சத்தம் கேட்கும். நோயாளிகள் சட்டை செய்யவில்லை! பிறகு, உணர்ச்சியுள்ள அக்குளில் ஷாக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒருவர் இறுகிய போல்ட்டைக் கழற்றும்போது மட்டும் கருவியை அணைத்துவிட்டு, கழற்றியதும் மறுபடி போட்டுக்கொண்டாராம். கருவியும் அடிக்கடி பழுது. கடைசியில் திட்டமே கைவிடப்பட்டது.

ரோபோ கையில் இந்தத் தொல்லை இல்லை. சென்சார் 'போதும்' என்றால் அது பிடியைத் தளர்த்தும். மனுஷன் சுவிட்சைத் தேடுவான்.

இன்று சென்சார் செய்வது எளிது. அழுத்தினால் மின்தடை குறையும் கார்பன் கலந்த கறுப்பு பிளாஸ்டிக் தாளின் மேலே 8 செப்புப் பட்டைகள், கீழே குறுக்காக 8. மொத்தம் 64 புள்ளிகள். ரோபோ விரலுக்குச் சின்னதாக, சர்க்கரை நோயாளியின் செருப்புக்குப் பாத வடிவில், சக்கர நாற்காலி மெத்தைக்கு அகலமாக என்று வேண்டியபடி வெட்டிக்கொள்ளலாம். ஒன்று மட்டும் கவனம்: ஒரே எடை வைத்திருந்தாலும் நேரமாக ஆக அளவு நகரும். தெரிந்த எடைகளை வைத்து அவ்வப்போது சரிபார்க்க வேண்டும்.

தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருப்பது நமக்குத் தெரியும். இன்ஜினியரிங் மாணவராக இருந்தபோது, 1975-ல் கடற்படைத் தேர்வில் விழுந்து தண்டுவடம் அடிபட்ட எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கியது. 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு உட்கார்ந்த இடத்தில் வலி தெரியாது. படுக்கைப்புண் வந்த பிறகே தெரியும். கார்வில்லின் அதே பிரச்சினை, நம்ம பக்கத்திலேயே!

இறுதியாண்டுத் தம்பி தங்கைகளே, புராஜெக்டுக்கு சர்க்யூட் வரையும் முன்னால் சக்கர நாற்காலியில் இருப்பவரிடம் கேளுங்கள்: எச்சரிக்கை எப்படி வந்தால் அணைக்க மாட்டீர்கள் என்று. பிராண்டின் கருவி தோற்ற இடம் அதுதான்.